கம்ப்ரஸர் பார்க்காத ஆட்டம்

அந்தக் கல்லூரியின் உள்ளரங்கில் கூடைப்பந்து பார்க்க வரும் கூட்டத்தில் அவருடைய சொந்தப் பெயர் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. கம்ப்ரஸர் என்றால் வாசலில் நிற்கும் காவலாளிக்குக்கூடத் தெரியும். ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்பவர் என்பதால் வந்த பெயர் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அது பாதிதான் சரி. பழைய ஃப்ரிட்ஜ் ஒன்று திடீரென்று ஒரு குலுக்குக் குலுங்கி உறும ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் உறுமிவிட்டு இன்னொரு குலுக்கலோடு அடங்கும். அப்பாடா என்று நாம் கண்ணயரும்போது மறுபடி ஆரம்பிக்கும். அவர் ஆட்டம் பார்ப்பதும் அப்படித்தான். எழுவார், உட்காருவார், முன்வரிசையில் இருப்பவரின் தோளைப் பிடித்து உலுக்குவார், மன்னிப்புக் கேட்பார், கேட்டுக்கொண்டிருக்கும்போதே மறுபடி உலுக்குவார்.

மற்ற நேரத்தில் மட்டும் மனிதர் ஓர் இடத்தில் தரிக்கிறவரா என்றால் அதுவும் இல்லை. சாப்பாட்டை நின்றுகொண்டுதான் சாப்பிடுவார். பற்றவைத்த செம்புக் குழாய் ஆறும்வரை பொறுக்கமாட்டாமல் தொட்டுப் பார்த்துச் சூடுபட்ட தழும்புகள் விரல் முழுக்க உண்டு. அவர் மனைவி ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ரத்தம் எடுப்பவர். எத்தனையோ பயந்தாங்கொள்ளிகளை ஆடாமல் அசையாமல் உட்காரவைத்து ஊசி குத்தியாயிற்று, இந்த ஒருத்தரிடம் மட்டும் தன் பாச்சா பலிக்கவில்லை என்பார்.

அவருக்கு இந்தக் கூடைப்பந்துப் பைத்தியம் பிடித்த கதையும் வேடிக்கையானதுதான். வேலை பழகிக்கொண்டிருந்த வயதில், அந்த அரங்கத்தின் நடையில் இருக்கும் வாட்டர் கூலரைப் பார்த்துவிட்டு வரச்சொல்லி முதலாளி அனுப்பினார். அரங்கின் கதவு திறந்திருந்தது. உள்ளே பெண்கள் ஆட்டம். சும்மா ஒரு நிமிஷம் எட்டிப் பார்ப்போம் என்று கையில் ஸ்பேனரோடு போய் நின்றார். போனவர் போனவர்தான். ஆளைக் காணோமே என்று முதலாளி தேடிவந்தபோது, யார் எவர் என்றே தெரியாத ஒரு பெண்ணுக்காகத் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து அந்தப் பெண்கள் அணி எங்கே ஆடினாலும் அங்கே ஆஜர். இத்தனைக்கும் அவர் அந்தக் கல்லூரியில் படித்தவர் இல்லை. எந்தக் கல்லூரியிலும் படித்தவர் இல்லை. பந்தைக் கையால் தொட்டதும் கிடையாது. எனக்கு ஆடத்தான் தெரியாது, ஆட்டம் தெரியும் என்று சொல்லிக்கொள்வார்.

அவர் கத்துவதெல்லாம் ஒரே ஒரு சொல்தான். கொடு. பந்து யார் கைக்கு வந்தாலும் பக்கத்தில் நிற்பவளுக்குக் கொடு. தானே கூடையில் போட்டுத் தானே பேர் வாங்க நினைக்கிறவளை அவருக்குக் கட்டோடு பிடிக்காது. ஐந்து பேர் ஆடுகிற ஆட்டத்தில் ஒருத்தி மட்டும் ஆடுவது என்ன நியாயம் என்பது அவர் கட்சி. அவர் போட்ட சத்தத்தில் மிரண்டுபோய் எதிரணிப் பெண் ஒருத்தி பந்தை நம் பெண் கையிலேயே கொடுத்துவிட்டாள் என்று கேலரியில் ஒரு கதை உலவுகிறது. நிஜமோ பொய்யோ, அவர் அதை மறுத்ததில்லை.

கேலரியில் அவருக்கு வலப்பக்கம் பென்ஷன், இடப்பக்கம் ஸ்டேப்ளர் அக்கா. பென்ஷன் ஏதோ ஓர் அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீர் வேண்டும் என்றாலும் தீர்ப்பு வாசிக்கிற மாதிரிதான் கேட்பார். ஸ்டேப்ளர் அக்கா கல்லூரிக்கு எதிரே நோட்டும் பேனாவும் விற்கும் கடை வைத்திருப்பவர். இத்தனை வருஷம் பார்த்தும் ஆட்டத்தின் விதிகள் அவருக்குப் பிடிபடவே இல்லை. ஆட்கள் பிடிபடுவார்கள். எந்தப் பெண் யாரோடு முகம்கொடுத்துப் பேசவில்லை, யார் அழுதுவிட்டு ஆட வந்திருக்கிறாள் என்பதையெல்லாம் அத்தனை உயரத்திலிருந்தே சொல்லிவிடுவார்.

இந்த மூவருக்கும் ஒரு வேலை உண்டு. சீசன் தொடங்குவதற்கு முன்னால் கல்லூரி அணி பழைய மாணவிகளோடு ஒரு காட்சிப் போட்டி ஆடும். ஜெயித்தாலும் தோற்றாலும் கணக்கில் சேராத ஆட்டம். கேலரிக்கு மட்டும் அது ரொம்ப முக்கியம், ஏனென்றால் புதிதாக அணிக்கு வந்த பெண்களுக்கு அன்றைக்குத்தான் பெயர் வைப்பார்கள். பென்ஷன் ஒரு பெயரைச் சொல்வார். ஸ்டேப்ளர் அக்கா சிரித்துவிட்டால் சரி என்று அர்த்தம். கம்ப்ரஸர் எழுந்து நின்று அதை ஒருமுறை உரக்கக் கூவினால் முடிந்தது, மொத்த கேலரியும் எடுத்துக்கொள்ளும். அப்புறம் படிப்பு முடியும்வரை அந்தப் பெண்ணுக்கு அதுதான் பெயர். முடிந்தபிறகும் விடாது. சைரன் என்று அழைக்கப்பட்ட ஒருத்தி இப்போது வக்கீல், கறுப்புக் கோட்டு, பெரிய மரியாதை. காட்சிப் போட்டிக்கு வந்தால், மேலேயிருந்து சைரன் என்று குரல் விழுந்ததும் தன்னையறியாமல் கையைத் தூக்கிவிடுவாள்.

இந்த வருஷக் காட்சிப் போட்டி நெருங்க நெருங்க கம்ப்ரஸருக்கு இருப்புக்கொள்ளவில்லை. புதிதாக வந்திருக்கும் பெண்களில் ஒருத்தி அவருடைய மகள்.

மகள் சின்னவளாக இருந்தபோது பட்டறைச் சுவரில் அவரே ஒரு வளையம் மாட்டிக் கொடுத்திருந்தார். உடைத்துப்போட்ட ஒரு ஃப்ரிட்ஜின் தட்டுக் கம்பியை வளைத்துச் செய்த வளையம். மகளும் அவள் தம்பியும் தெருப் பிள்ளைகளும் அதில் ஆடுவார்கள். அவர் வேலை பார்த்துக்கொண்டே குரல் கொடுப்பார். தம்பிக்குக் கொடு. அந்தப் பையன் எவ்வளவு நேரமாகச் சும்மா நிற்கிறான் பார், அவனுக்குக் கொடு. மகள் கொடுப்பாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று அவருக்குப் பெருமை தாங்காது. பள்ளி அணியில் சேர்ந்தபோதும் அவள் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவளிடம் வாங்கிப் போட்ட பெண்கள் கோப்பையைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவளும் அந்தப் படத்தில் ஓர் ஓரமாக இருக்கிறாள்.

கல்லூரியில் இந்தப் பருப்பு வேகவில்லை. அங்கே பயிற்சியாளர் கறாரான பெண்மணி. ஒருநாள் பயிற்சி முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். உன் கையில் பந்து இருந்தால் உன்னைத் தடுக்க எவளும் வருவதில்லை, நீ போடமாட்டாய் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, காட்சிப் போட்டியில் நீயாகப் போட்டுக் காட்டு, இல்லாவிட்டால் உன்னை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? போட்டி முடிந்த கையோடு புதியவர்களில் இரண்டு பேரைக் கழித்துவிட்டு அணியை அறிவிக்கப்போகிறார்கள். கழிபடப்போகிற இரண்டு பேரில் ஒருத்தி தான்தான் என்று மகள் அம்மாவின் மடியில் படுத்து அழுதிருக்கிறாள். இதெல்லாம் மனைவி வழியாக அவர் காதுக்கு வந்தது. அவரிடம் மகள் நேரில் வந்து கேட்டது வேறு.

"அப்பா, வந்தா கத்தக் கூடாது. அப்புறம், நான் உங்க பொண்ணுன்னு அங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாது."

முதலாவது சுருக்கென்றது. இரண்டாவது ரொம்பவே வலித்தது. சத்தியமாகக் கத்தமாட்டேன், சொல்லவும் மாட்டேன் என்று அவள் தலையில் கைவைத்துச் சொன்னார். மனைவி, பேசாமல் நீங்கள் போகாமலே இருந்துவிடலாமே என்று ஒரு யோசனை சொன்னார். கல்யாண வரவேற்பில் மாலையும் கழுத்துமாக நின்றுகொண்டு வந்தவர்களிடமெல்லாம் ஸ்கோர் விசாரித்த ஆளிடம் சொல்கிற யோசனையா இது? அவர் காலித் தட்டைக் கையில் ஏந்தியபடி வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

ஆட்டத்தன்று அவர் ஒரு தந்திரம் செய்தார். மருந்துக் கடையில் தொண்டை வலிக்குச் சப்புகிற மாத்திரை ஓர் அட்டை வாங்கினார். கழுத்தில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டார். கேலரிக்குப் போய்த் தொண்டையைத் தொட்டுக் காட்டி, குரலே போய்விட்டது என்று சைகை செய்தார். ஸ்டேப்ளர் அக்கா பதறிப்போய் வெந்நீர் குடிக்கச் சொன்னார். பென்ஷன் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அரங்கம் இன்று ஓய்வெடுக்கலாம் என்று தீர்ப்பளித்தார்.

ஆட்டம் தொடங்கியது. பழைய மாணவிகளில் பாதிப் பேருக்கு மூச்சு வாங்கியது, ஆனாலும் கைப்பழக்கம் போகவில்லை. சைரன் எங்கிருந்தோ எறிந்த பந்து வளையத்தில் படாமலே உள்ளே இறங்கியது. கேலரி துள்ளியது. புதியவர்களில் ஒருத்தி ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் முடியைச் சரிசெய்துகொண்டாள், அவளுக்குக் கண்ணாடி என்று பெயர் விழுந்தது. குள்ளமாக, எங்கே புகுந்தாள் எங்கே வெளியே வந்தாள் என்றே தெரியாமல் ஓடிய ஒருத்திக்குக் குண்டூசி என்று பெயர் விழுந்தது. இரண்டையும் கூவ வேண்டியவர் மாத்திரையைச் சப்பிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினார். அவருக்குப் பதிலாகப் பென்ஷன் கூவினார். அந்தக் குரலுக்குக் கேலரி மசியவில்லை, இரண்டு முறை கூவவேண்டியிருந்தது.

பிறகு மகள் இறங்கினாள். பச்சைச் சட்டை அவளுக்குத் தோளில் தொளதொளவென்று இருந்தது. கம்ப்ரஸர் இரண்டு மாத்திரையை ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார்.

பந்து அவளிடம் வந்தது. அவள் முன்னால் யாரும் இல்லை. வளையம் கைக்கெட்டுகிற தூரம். அவள் பக்கத்தில் இருந்தவளுக்குக் கொடுத்தாள். போகட்டும், முதல் பந்துதானே. மறுபடி வந்தது. மறுபடி கொடுத்தாள். மூன்றாவது முறை எதிரணிப் பெண்கள் அவளை விட்டுவிட்டு மற்ற நான்கு பேரையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள், அவளுக்கு ஒரு தனி மைதானமே கிடைத்தது. அப்போதும் தேடிப்போய் யாருக்கோ கொடுத்தாள், அதை எதிரணி பறித்துக்கொண்டது. பக்கவாட்டுக் கோட்டில் நின்ற பயிற்சியாளர் கைகளைக் கட்டிக்கொண்டார்.

கேலரியில் யாரோ முதலில் ஆரம்பித்தார்கள். போடு. இன்னொருவர் சேர்ந்துகொண்டார். பிறகு எல்லோரும். போடு, போடு, போடு. அவள் கையில் பந்து வரும்போதெல்லாம் அரங்கமே சொன்னது. கம்ப்ரஸரின் கால் தானாக ஆடியது, முழங்கால் முன்வரிசை நாற்காலியில் இடித்து இடித்துச் சத்தம் வந்தது. தன் வாழ்நாளில் தான் ஒருமுறைகூடச் சொல்லாத அந்தச் சொல்லை அவரும் மனதுக்குள் சொன்னார். போடு கண்ணு, போட்டுவிடு. அவள் கொடுத்தாள்.

பென்ஷன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தீர்ப்பை வாசித்தார்.

"இவ போஸ்ட்மேன்மா. வந்ததைப் பிரிச்சுக்கூடப் பாக்காம அடுத்த வீட்டுல போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கா. தபால்னு வெச்சிடலாம்."

ஸ்டேப்ளர் அக்கா சிரித்தார். பின்வரிசைக்காரர்கள் சிரித்தார்கள். இடைவேளை விசில் ஊதுவதற்குள் பெயர் நாலு வரிசை தாண்டிவிட்டது. கம்ப்ரஸர் மட்டும் தலையை ஆட்டவில்லை. கை அசைத்து வேண்டாம் என்றார். பென்ஷனுக்கு ஆச்சரியம். இவ்வளவு பொருத்தமான பெயரைத் தான் இதுவரை வைத்ததே இல்லை, எந்த அடிப்படையில் ஆட்சேபம் என்று கேட்டார். கம்ப்ரஸருக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது, ஒன்றையும் சொல்ல வழியில்லை. தொண்டையைத் தொட்டுக் காட்டினார். ஆத்திரத்தில் மாத்திரையைக் கடித்து நொறுக்கினார். இத்தனை வருஷமாக இந்த இருக்கையில் உட்கார்ந்து எத்தனை வீட்டுப் பெண்களுக்குச் சிரித்துக்கொண்டே பெயர் வைத்திருக்கிறோம், அந்தப் பெண்களின் அப்பாமார் எந்த வரிசையில் உட்கார்ந்திருந்தார்களோ என்ற நினைப்பு முதல்முறையாக அவருக்கு வந்தது. வந்த வேகத்தில் அதைத் தள்ளிவிட்டார், இப்போது அதற்கெல்லாம் நேரமில்லை.

ஸ்டேப்ளர் அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டுக் கீழேயே பார்த்துக்கொண்டிருந்தார். பெண்கள் பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மகள் கடைசியில், தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு.

"ஒண்ணு கவனிச்சீங்களா? பந்து கைக்கு வர்றப்பல்லாம் அந்தப் பொண்ணு ஒரு தடவை மேல பாக்குது. நேரா இங்க, நம்ம வரிசையைத்தான். பாத்துட்டுத்தான் பந்தைக் குடுக்குது. இங்க யாருக்கோ பயப்படுது போல."

யாராக இருக்கும் என்று பென்ஷன் சுற்றுமுற்றும் பார்த்தார். கம்ப்ரஸர் பார்க்கவில்லை. வாயிலிருந்த மாத்திரைத் தூள் கசந்தது. பந்து வந்ததும் அவள் முகம் நிமிர்ந்ததை அவரும்தான் ஒவ்வொரு முறையும் பார்த்தார். அப்பா இருக்கிறார் என்று தைரியத்துக்குப் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டார். அதில் ஒரு சந்தோஷம்கூடப் பட்டார். என்ன மடத்தனம். கழிப்பறை என்று விரலைக் காட்டிவிட்டு எழுந்து, காலடியில் இருந்த யாருடைய பையையோ மிதித்து, படிகளில் இறங்கி வெளியே வந்துவிட்டார்.

நடையில் யாரும் இல்லை. அறிவிப்புப் பலகை, தீயணைப்புக் குழாய், சுவரோரம் ஒரு வாட்டர் கூலர். பழைய கூலரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைத்திருந்தார்கள், இதுவும் கடகடத்தது. அவர் நடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடந்தார். திரும்பி வந்தார். உள்ளே விசில் ஊதியது. பந்து தரையில் விழும் சத்தம், காலணிகள் கிறீச்சிடும் சத்தம். கதவில் காதை வைத்தால் கூலரின் உறுமல் எல்லாவற்றையும் அமுக்கியது. சுவிட்சைப் பிடுங்காத குறையாக அணைத்தார். ஓர் இயந்திரத்தை ஓடவைப்பதற்குப் பதிலாக நிறுத்துவது அவர் தொழிலில் இதுதான் முதல் தடவை.

இப்போது நன்றாகக் கேட்டது. கேட்டு என்ன பயன்? பந்து யார் கையில் என்று தெரியாமல் கேட்பது, பிரசவம் நடக்கும் அறையின் சுவருக்கு இந்தப்பக்கம் நிற்கிற மாதிரி இருந்தது. தபால், தபால் என்று நாலைந்து குரல்கள் கூப்பிட்டன. சிரிப்பு. அப்படியென்றால் பந்து அவளிடம் இருக்கிறது. பிறகு போடு, போடு. பிறகு ஒரு கணம் ஒன்றுமே கேட்கவில்லை. அந்த ஒரு கணத்தில் அவர் கதவின் கைப்பிடியைப் பிடித்துவிட்டார், ஒரு விரல் அகலம் திறந்தால் போதும். திறக்கவில்லை. உள்ளே கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. யாருக்கு? எதற்கு? ஒருவேளை சைரன் போட்டிருப்பாளோ? அவர் நடையில் ஓட்டமும் நடையுமாக ஒரு சுற்றுப் போய்வந்தார்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஸ்டேப்ளர் அக்கா வந்தார். கழிப்பறைக்குப் போகிறவர் மாதிரி இல்லை, நேராக அவரிடம் வந்தார்.

"உள்ள வாங்க. உங்க பொண்ணு போட்டுட்டா."

அவள் என் பெண் என்று யார் சொன்னது என்று அவர் கேட்டார். தொண்டை வலிக்காரருக்குக் குரல் கணீரென்று வந்தது. இதற்கு ஆள் வந்து சொல்ல வேண்டுமா, மூக்கைப் பார்த்தால் தெரியாதா, அப்படியே அச்சு என்றார் அக்கா. நீங்கள் எழுந்துபோனபிறகு பந்து கைக்கு வந்ததும் அந்தப் பெண் மேலே பார்த்ததையும், உங்கள் நாற்காலியையே ஒரு தடவை உற்றுப் பார்த்ததையும் நான் பார்த்தேன், மிச்சத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டேன் என்றார். ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று மட்டும் கேட்கவில்லை. அந்த அளவுக்கு அவருக்கு ஆட்களைத் தெரியும்.

"நான் வரலக்கா. நான் வந்து உக்காந்தா நிறுத்திடுவா."

சரி, நான் போய்ப் பார்த்துவிட்டு வந்து வந்து சொல்கிறேன் என்று அக்கா உள்ளே போனார்.

அன்றைய ஆட்டத்தின் மிச்சம் முழுவதும் கம்ப்ரஸருக்கு ஸ்டேப்ளர் அக்காவின் வாய் வழியாகத்தான் வந்தது. அதைவிடக் கொடுமை வேறு வேண்டாம். அக்கா வெளியே வருவார், கண்ணெல்லாம் பளபளக்கும், "விழுந்துடுச்சு" என்பார். எந்தப் பக்கத்திலிருந்து போட்டாள்? இந்தப் பக்கம், இல்லை, கொஞ்சம் அந்தப் பக்கம். குதித்துப் போட்டாளா, நின்று போட்டாளா? கையைத் தூக்கினாள், விழுந்துவிட்டது. தடுக்க யாராவது வந்தார்களா? வந்தார்கள், ஒருத்தி நல்ல சிவப்பு, சிரித்த முகம். பலகையில் பட்டு விழுந்ததா, நேராக விழுந்ததா? பலகை எது? அவர் தலையில் அடித்துக்கொண்டார். அக்கா கோபித்துக்கொள்ளாமல் மறுபடி உள்ளே ஓடினார், மறுபடி வந்தார். இந்தத் தடவை விழவில்லை, ஆனால் அந்தப் பெண் முகம் வாடவில்லை, உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி ஓடினாள் என்றார். அது ஒன்றுதான் அவருக்குப் புரிகிற மாதிரி வந்த செய்தி. அதைப் பிடித்துக்கொண்டு அவர் இன்னொரு சுற்று நடந்தார்.

யாரோ ஒருவர் தண்ணீர் பிடிக்க வந்து, இந்தக் கூலர் எப்போதுமே இப்படித்தான், ஒழுங்காக ரிப்பேர் செய்ய ஒரு ஆள் கிடையாது என்று திட்டிவிட்டுப் போனார். கம்ப்ரஸர் தான் அணைத்த சுவிட்சை முதுகால் மறைத்துக்கொண்டு நின்றார்.

கடைசி விசில் ஊதியது. யார் ஜெயித்தார்கள் என்று கேட்க அவருக்குத் தோன்றவே இல்லை. உள்ளே பயிற்சியாளரின் குரல், தாளைப் பார்த்துப் பெயர் படிக்கும் குரல், ஒவ்வொரு பெயருக்கும் கொஞ்சம் கைதட்டல். கதவின் கனத்தில் பெயர்கள் தேய்ந்து, எல்லாமே மகளின் பெயர் மாதிரியும், எதுவுமே அவள் பெயர் இல்லாத மாதிரியும் கேட்டன. அவருக்கு வேர்த்துக் கொட்டியது. கழுத்துத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார், துடைத்த கையோடு மறுபடி சுற்றிக்கொண்டார், எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

ஸ்டேப்ளர் அக்கா கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

"இருக்கா," என்றார்.

அவர் சுவரில் சாய்ந்து அழுதுவிட்டார். ஃப்ரிட்ஜ்காரர் அழுவதைப் பார்க்காத மாதிரி அக்கா அறிவிப்புப் பலகையைப் படித்தார். பிறகு பென்ஷனின் கதையைச் சொன்னார். தபால் என்ற பெயரைப் பென்ஷன் திரும்பப் பெற்றுக்கொண்டாராம், வேறு பெயரும் தோன்றாமல் தவிக்கிறாராம், பெயரில்லாமல் ஒரு பெண் சீசனுக்குள் போவது இதுவரை நடக்காத விஷயம் என்று உள்ளே எல்லோரிடமும் புலம்பிக்கொண்டிருக்கிறாராம். கம்ப்ரஸர் அழுகைக்கு நடுவே சிரித்தார். உங்கள் பெண் வருகிறாள் என்று சொல்லிவிட்டு அக்கா நழுவிவிட்டார்.

மகள் வந்தாள். சட்டை முழுக்க வியர்வை, முகம் சிவந்திருந்தது, கையில் காலிப் புட்டி. அவரைப் பார்த்ததும் நின்றாள். சுற்றிலும் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டாள். யாரும் இல்லை.

"பாத்தீங்களாப்பா?"

"பாத்தேன், பாத்தேன். அருமையா போட்டம்மா."

"பொய் சொல்லாதீங்க. பந்து வந்ததும் மேல பாத்தேன். உங்க எடம் காலியா இருந்துச்சு. அதான் போட்டேன்."

நான்தான் கத்தவே இல்லையே என்றார், குழந்தை மாதிரி. ஒரு வார்த்தை பேசவில்லை, பென்ஷனைக் கேட்டுப் பார், அக்காவைக் கேட்டுப் பார்.

"தெரியும்பா. கத்தலதான். நீங்க அங்க சும்மா உக்காந்திருந்தாலே எனக்குக் கொடு, கொடுன்னு கேட்டுக்கிட்டே இருக்கு. என்ன பண்ணட்டும்?"

கோபமாகச் சொல்லவில்லை. எங்கே வலிக்கிறது என்று டாக்டர் கேட்டால் இடத்தைத் தொட்டுக் காட்டுவதுபோலச் சொன்னாள். சொல்லிவிட்டுக் கூலரில் புட்டியை நிரப்பினாள். ஒரு வாய் குடித்தாள். தண்ணீர் சூடாக இருக்கிறது என்று முகத்தைச் சுளித்தாள், ஆனாலும் முழுவதையும் குடித்தாள். அவ்வளவு தாகம்.

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். அணியில் இடம் கிடைத்துவிட்டது, அதற்குமேல் அவருக்கு என்ன வேண்டும்? மனம் நிறைந்துதான் இருந்தது. அதோடு கூடவே, இத்தனை வருஷமாக இந்த அரங்கத்தில் நடந்த எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பார்க்க வேண்டிய ஒன்றைப் பார்க்காமல் போய்விட்டதே என்ற வயிற்றெரிச்சலும் இருந்தது. சீசன் முழுக்க ஆட்டங்கள் இருக்கின்றன. ஏதாவது வழி செய்யலாம். கடைசி வரிசையில் தூணுக்குப் பின்னால் உட்காரலாம். தொப்பி போட்டுக்கொள்ளலாம். எதிர்ப்பக்க கேலரியில் முன்பின் தெரியாதவர்களோடு கலந்துவிடலாம். அதற்கு முதலில் அவள் வாயால் ஒரு வார்த்தை வர வேண்டும். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அடுத்த மேட்ச்சுக்கு நான் வரலம்மா," என்றார்.

சொல்லும்போதே அதற்கு என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். பதறிப்போவாள். அய்யோ, அதெல்லாம் வேணாம்பா, நீங்க கண்டிப்பா வரணும் என்று கையைப் பிடித்துக்கொள்வாள். நாம் கொஞ்சம் பிகு செய்ய வேண்டும். வற்புறுத்துகிறாளே என்று ஒத்துக்கொள்ள வேண்டும். தூணுக்குப் பின்னால் எந்த நாற்காலி என்பதுவரை அவர் மனதுக்குள் போட்டு வைத்துவிட்டார்.

மகள் புட்டியின் மூடியைத் திருகி மூடினாள். அவள் முகத்தில் பெரிய பாரம் ஒன்று இறங்கியது அப்பட்டமாகத் தெரிந்தது.

"சரிப்பா," என்றாள்.